அண்ணியின் இரண்டு வலிகள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. செஞ்சியில் எங்கள் தெருமுனைக்கு அடிபம்பு வந்தது.
2. அண்ணிக்கு இடது பக்கம் வலி வந்தது.
3. டாக்டர் அந்த வலிக்கு ஒரு பெயர் சொன்னார்.
4. அண்ணி கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தினாள்.
5. நான் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

இந்த ஐந்தும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவை என்பது நான் இறங்கிய அன்று எனக்குத் தெரியாது. என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பம்புதான். பச்சை பெயிண்டு காயாத புதுசு. அதன் கழுத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, யாரோ பூச்சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். கைப்பிடி நீளமான இரும்பு. புதுசானதால் முரட்டுத்தனம் போகவில்லை. முழு உடம்பையும் போட்டு அழுத்தினால்தான் கீழே இறங்கும், விட்டால் வெடுக்கென்று மேலே ஏறும். ராஜகிரிக் கோட்டைப் பாறைகள் சுடத் தொடங்குவதற்குள் குடங்களை நிரப்பிவிட வேண்டும் என்று பெண்கள் வரிசையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். கிணற்றுக்கு நடந்து நடந்து சலித்த தெரு அது. தண்ணீர் வாசலுக்கே வந்துவிட்ட மயக்கத்தில் எல்லோரும் தேவைக்கு மேலேயே அடித்தார்கள். அண்ணி மற்றவர்கள் குடத்துக்கும் சேர்த்து அடித்தாளாம். வலது இடுப்பில் குழந்தை. ஆகவே பம்பு முழுக்க இடது கை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "வந்துட்டியா? நீயாச்சும் உங்க அண்ணியக் கேளு. பால் வத்திப்போச்சுன்னு சொல்லி பச்சப்புள்ளைக்குச் சங்குல பசும்பால் ஊத்திக்கினு இருக்குறா. நானும் பூண்ட வேக வெச்சுக் குடுத்துட்டேன், கருவாட்டுக் கொழம்பும் வெச்சுட்டேன். எதுக்கும் மசியல."

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்துத் தொண்டூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். அன்று உதடு மட்டும் சிரித்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். நெருப்பைத் தொட்டவள் போல விலகினாள். விலகியபோது முந்தானை நழுவியது.

"அண்ணி, ரவிக்கை ஏன் ஈரமா இருக்குது?"

"பம்புத் தண்ணி. தெறிச்சுது."

"பம்புத் தண்ணி ரெண்டு பக்கமும் வட்டம் வட்டமாவா தெறிக்கும்?"

"நீ நர்சுக்குப் படிக்கிறியா, போலீசுக்குப் படிக்கிறியா?" என்றாள். சொன்ன வேகத்திலேயே கண் நிறைந்துவிட்டது.

நான் அப்போது சென்னையில் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தேன். வற்றிப்போன பால் ரவிக்கையை நனைக்காது என்பதற்குப் படிப்புகூட வேண்டியதில்லை. அம்மாவைக் குழந்தையோடு வாசலுக்கு அனுப்பிவிட்டு, அண்ணியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். முதலில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, பம்பு அடித்துக்கொட்டியது போல மொத்தமாக வந்தது.

"டாக்டரே சொல்லிட்டாருடி. சதைன்னு."

"அவர் இன்னா சொன்னாரோ அப்படியே சொல்லு அண்ணி. ஒரு வார்த்தை மாத்தாத."

"கையத் தூக்கச் சொன்னாரு, எறக்கச் சொன்னாரு. 'வெறும் சதை வலிதாம்மா, பயப்படாத'ன்னாரு. தடவிக்க மருந்து குடுத்தாரு. எங்கம்மாக்கும் இதத்தான சொன்னாங்க? மாருல சதை வளர்ந்திருக்குது, பயப்படாதன்னு. அப்பறம் எங்கம்மா இருந்தாங்களா? அந்தப் பால எப்படிடி புள்ளைக்குக் குடுப்பேன்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தால் அல்ல. கணக்கில் எங்கே தப்பு என்று சட்டென்று பிடிபடும்போது வருமே, அந்தப் பரபரப்பு.

வகுப்பில் எங்களுக்கு இரண்டு சொற்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாஸ்டால்ஜியா, மயால்ஜியா. முதலாவது முலையில் வரும் வலி. இரண்டாவது தசையில் வரும் வலி. காதுக்கு இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரிதான் இருக்கும். ஆனால் எழுதும்போது யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, எது எதுவென்று தெளிவாக இருக்கும். எங்கள் தெருவில் இரண்டுக்கும் சேர்த்து 'மாரு வலி' என்பார்கள். இதயம் வலித்தாலும் அதே பெயர்தான். அண்ணி ஆண் டாக்டர் முன்னால் அந்தப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முந்தானைக்கு மேலே விரலை வைத்து "இந்தப் பக்கம்" என்றாளாம். அந்த டாக்டர் அதிலேயே சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். பம்பு அடித்து நொந்துபோன தசை. அதைத்தான் அவர் ஊர்ப்பேச்சில் 'சதை' என்றார். தாயை இழந்தவள் காதில் அது 'சதை வளர்ச்சி' என்று விழுந்துவிட்டது. பயப்படாதே என்ற சொல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது.

"இப்பப் பாரேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு. அவர் சொன்னப்ப வலி மட்டுந்தான் இருந்துது. இப்ப கட்டியே வந்துடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"பால் குடுக்கறத நிறுத்தின பொறவா, முந்தியா?"

யோசித்தாள். "பொறவுதான்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். வலி ஒன்றல்ல, இரண்டு! முதல் வலி பம்பு கொடுத்தது. இடது பக்கம் மட்டும். இரண்டாவது வலி அண்ணி தானே வரவழைத்துக்கொண்டது. பால் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும். போதாததற்கு, பால் ஊறட்டும் என்று அம்மா கொடுத்த பூண்டு வேறு. முதல் வலி மயால்ஜியா, இரண்டாவது மாஸ்டால்ஜியா.

அண்ணியைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளச் சொன்னேன். தள்ளினாள். "ஆ, இதான், இதான் மொதல் வலி" என்று அக்குளுக்கு முன்னால் விலா மேலே விரலை வைத்தாள். அங்கே நான் அழுத்தியதும் துள்ளினாள். அது கை அசையும்போது வரும் வலி. கையை மடியில் போட்டுச் சும்மா உட்கார்ந்தபோது அந்த இடம் அடங்கிவிட்டது. ஆனால் கனம் கனமாக, விண்விண்ணென்று மற்றது வலித்துக்கொண்டே இருந்தது. இரண்டும் தனித்தனி. அவளுக்கே அது தெரிந்தது.

ஆனாலும் என்னிடம் ஒரு பயம் பாக்கி இருந்தது. படித்துக்கொண்டிருப்பவள்தானே நான். கல்லாக இருப்பது முழுக்கப் பால்தானா? பால் இறங்கினால் இளகும். இளகாவிட்டால் என்ன சொல்வேன்? அதை அண்ணியிடம் காட்டிக்கொள்ளாமல் வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். கையால் கொஞ்சம் பீய்ச்சி எடுத்த பிறகு குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன்.

"ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது. குடு அண்ணி."

குழந்தை முதலில் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மூக்கால் தேடிப் பிடித்து, எங்கள் பம்பே தோற்கும் வேகத்தில் இழுக்க ஆரம்பித்தது. வலது பக்கம் என் கண்ணெதிரே இளகியது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். இடது பக்கம் மாற்றினோம். அதுவும் இளகியது, வெளிப்பக்க ஓரத்தில் ஒரே ஒரு இடத்தைத் தவிர. அங்கே நெல்லிக்காய் போல ஒன்று அப்படியே நின்றது. அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டில் ஒரு சிஸ்டர் குழந்தையை அக்குளில் இடுக்கி, கால் பின்பக்கம் போகும்படி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. குழந்தையின் தாடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பால் நன்றாக இறங்கும். குழந்தையை அப்படித் திருப்பினேன். அது என்ன நினைத்ததோ, ஒரு முறை முறைத்துவிட்டுக் குடித்தது. நெல்லிக்காய் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தேன். பட்டாணி ஆயிற்று. பிறகு என் விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"போச்சு அண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னா போச்சு? எது போச்சு?" விஷயம் கேட்டதும், "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு? நான் இன்னா ஆம்பளையா?" என்று திட்டிக்கொண்டே அண்ணியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பூண்டுப் பானையை அன்றே மேல்தட்டில் ஏற்றிவிட்டாள்.

என் விரலை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. பால் கட்டு முழுக்க இறங்கியதும் திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அண்ணியைக் கூட்டிப்போனேன். அவரும் நிதானமாகப் பார்த்துவிட்டு, கட்டி எதுவும் இல்லை, தாய்க்கு இருந்ததால் அவ்வப்போது வந்து காட்டவேண்டும், பம்பு அடிப்பதைக் கொஞ்ச நாள் விடவேண்டும் என்றார். அண்ணி அவரை விடவில்லை. "சதை இல்லீங்களே?" என்று கேட்டாள். டாக்டரம்மா குழம்பிப்போய், "சதை இல்லாமல் எப்படிம்மா?" என்றார். வீடு திரும்பும்வரை பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தோம். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் அண்ணன், அன்றிலிருந்து பம்புக்குத் தானே குடம் தூக்கினான். தெருப் பெண்கள் அவனைக் கேலி செய்யாத காலை கிடையாது.

இப்போது நான் படிப்பு முடித்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். வலி என்று வருகிற பெண்ணிடம் 'சதை' என்ற சொல்லை நான் தனியாக விடுவதில்லை. "வேலை செஞ்சு நொந்திருக்குது, கட்டி கிடையாது" என்று முழுசாகச் சொல்கிறேன். சொன்னதில் அவளுக்கு என்ன காதில் விழுந்தது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

போன லீவில் பார்த்தேன். பம்பின் பச்சை பெயிண்டு உரிந்துவிட்டது. கைப்பிடி தேய்ந்து இளகி, அண்ணன் மகள் தொங்கினாலே இறங்குகிறது. அன்று சங்கில் பால் குடித்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணி வலது கையால் பம்பு அடிக்கிறாள். அவளுக்கு வலி இல்லை, கட்டி இல்லை.