மெட்ராசுக்கு அனுப்ப முடியாத சுவர்

கருகிய வார்னிஷ் வாசனை... அது பட்டறை வாசலில் அடித்தாலே, எங்கோ ஒரு கிணற்றில் மோட்டார் நின்றுவிட்டது என்று தெரியும்.

அறுபதுகளில் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் நான் வைண்டர். காப்பர் கம்பி சுற்றுகிற வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே படித்தது.

அப்போது கம்பிக்குத் தட்டுப்பாடு. கிடைத்த கேஜில், அதாவது கிடைத்த கனத்துக் கம்பியில் சுற்றுவோம். அதனால் மோட்டாருக்கு மோட்டார் சுற்று மாறும். எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று மோட்டார் நம்பர் வாரியாக என் நோட்டில் எழுதி வைப்பேன். வைண்டிங் டேட்டா என்போம். ஆமாம், டேட்டா என்ற சொல் எங்களிடம் அப்போதே இருந்தது!

ஒரு நாள் மொதலாளி சொன்னார்:

"நோட்டையெல்லாம் நம்ம மெட்ராஸ் ஏஜெண்ட் ஆபீசுக்கு அனுப்பிப்போடலாம். இரும்பு பீரோவுல பத்திரமா இருக்கும். இங்க கரையான் தின்னுபோடும்."

"நமக்கு வேணும்னா என்னங்க பண்றது?"

"கடுதாசி போட்டா வந்துட்டுப் போகுது."

"நம்ம மோட்டாரு விவரம் நம்ம பட்டறையிலதானுங்க இருக்கோணும்."

"எட்டாவது படிச்ச உனக்கு எல்லாந் தெரியுமாக்கும்!"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். என் மேஜைக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க, நோட்டில் இருந்ததையெல்லாம் சிவப்பு பெயிண்டில் எழுதினேன். பிறகுதான் நோட்டைக் கொடுத்தேன்.

"என்னப்பா இது, செவுத்தைக் கிறுக்கி வெச்சிருக்கே?"

"இதையும் மெட்ராசுக்கு அனுப்பிப்போடுங்க மொதலாளி."

பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஆயுத பூஜைக்கு வெள்ளையடிக்கறப்ப எல்லாம் போயிரும், பாத்துக்க."

சித்திரை வெயில். அன்னூர்ப் பக்கமிருந்து ராமாத்தாள் என்ற அம்மா, முன்பு எங்கள் பட்டறையில் சுற்றிய மோட்டாரோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். உள்ளூர் மெக்கானிக் எரிந்த கம்பியை ஒன்று விடாமல் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டாராம். வெறும் கூடு! எண்ணிப் பார்க்க ஒரு சுற்றுகூட மிச்சமில்லை.

மொதலாளி மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார். மதியம்தான் லைன் கிடைத்தது. பீரோ சாவி வைத்திருப்பவர் லீவாம். ஒரு வாரம் ஆகுமாம்.

"ஒரு வாரமுங்களா? கரும்பு காஞ்சு சருகாயிருமுங்க! எழுதி வெச்சதை எடுத்துக் குடுக்க ஒரு வாரமா?" என்று அந்த அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

மொதலாளி குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்து நம்பரைப் படித்தேன். சுவரிடம் போனேன். மூன்றாவது வரிசையில் இருந்தது.

மூன்றாம் நாள் வண்டி மோட்டாரோடு திரும்பியது. கரும்பு தப்பித்துவிட்டது என்று அந்த அம்மா பின்னால் ஆள் அனுப்பிச் சொன்னார்.

மொதலாளி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ சொன்னது சரிதாம்ப்பா" என்றால் வாய் தேய்ந்தா போய்விடும்? அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஆனால் அந்த வருஷம் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்தபோது, "அந்தச் செவுத்தை உட்டுப்போடு" என்றார். மறுநாள் ஆயுத பூஜை. லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், என் சுவருக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம். சுவர் இல்லை.

போன மாசம் பேரன் சொன்னான், அவன் கம்பெனி டேட்டாவையெல்லாம் வெளியே கிளவுடில் வைக்கப் போகிறார்களாம். "அதுதான் சேஃப் தாத்தா."

"சரி கண்ணு... அங்க பீரோ சாவி யாருகிட்ட இருக்குது?"

சிரித்தான். இரண்டு நாள் கழித்து போன் பண்ணினான்.

"தாத்தா, நம்ம ஆபீஸ்லயும் ஒரு பேக்கப் வெக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. நீங்க சொன்னது சரிதான்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான்... இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.