தூக்கிய கைகள்

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் பகுதி ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் ஒரே ரேடியோ அலைதான். ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்றவர் பேச முடியாது. எங்கள் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டே ரேடியோவையும் கவனித்த கிராணி ஒல்லியான மனிதர். பேசி முடித்ததும் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிடுவார்.

காலையில் ஒவ்வொரு தோட்டமும் 'நலம்' சொல்ல வேண்டும். அன்று பக்கத்துத் தோட்டம் வாய் திறக்கவில்லை. கிராணி தூக்கிய கைகளோடு காத்திருந்தார்.

"ஏண்ணே கைய தூக்குறீங்க?" என்றேன்.

"ஒருநாள் விரல எடுக்க மறந்துட்டேன் லா. அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டத்துல காட்டுலேர்ந்து கம்யூனிஸ்டுங்க துப்பாக்கியோட பூந்துட்டானுங்க. அவங்க கூப்பிட்டது யாருக்கும் கேக்கல."

ஒருவழியாக, "நலம்" என்றது ரேடியோ. பதில் சொல்ல அவர் கைகள் இறங்கவில்லை. நான்தான் பொத்தானை அழுத்தி, "சரி" என்றேன்.

சொன்னதும் என் கைகளும் மேலே போயின.