பழுப்புக் கண் ஈக்கள்

எங்கள் கல்லூரியில் இப்போது பழ ஈ வளர்ப்பதில்லை. பாட்டிலும் அழுகல் வாழைப்பழ வாடையும் போய், எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. ஆண் ஒன்று, பெண் ஒன்று தேர்ந்தெடுத்துத் தட்டினால் திரை முழுக்கப் பிள்ளைகள். சிவப்புக் கண் ஈக்கள் இரண்டைச் சேர்ப்போம். இரண்டுமே பழுப்புக் கண்ணை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பழுப்புக் கண். வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சோறு தின்கிறேன்.

எங்கள் அப்பா, அம்மா இருவரும் அத்தை மகன், மாமன் மகள். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. செல்லூரில் தறி ஓட்டுகிறான். விசைத்தறிச் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் அவனிடம் கைஜாடை கற்றுக்கொண்டுவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனையூரில் எங்களோடுதான் இருக்கிறான்.

போன வருஷம் அக்கா தன் மகளை என் மகனுக்குக் கேட்டு வந்தாள். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே பேசி முடிவு செய்திருந்தார்கள். எனக்கு மட்டும் தம்பியின் காது ஞாபகத்துக்கு வந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்க்கா."

"முறைப்பொண்ணைக் கட்ட டெஸ்ட்டாடா? எம் பொண்ணுக்கு என்ன கொறை?"

வாத்தியார் புத்தி போகுமா? லேப்டாப்பைத் திறந்து ஈக்களைக் காட்டினேன். தம்பியும் உட்கார்ந்திருந்தான். நான் சொல்லச் சொல்ல என் மகன் அவனுக்கு ஜாடையில் விளக்கிக்கொண்டிருந்தான்.

"முக்காவாசி செவப்பாத்தானே இருக்கு மாமா?" என்றாள் அக்கா மகள்.

"பழுப்பும் இருக்குல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் உள்ள ஒளிச்சு வச்சிருந்தா இப்படி ஆகும்."

"வச்சிருக்காங்களா?" என்றாள் அக்கா.

"தெரியாதுக்கா."

"பெறகென்ன?"

ஈ என்றால் எதை ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று நானே தேர்ந்தெடுப்பேன். இன்னொரு தடவை காட்டலாம் என்று, லேபில் செய்வதுபோலவே பழுப்புக் கண் ஈக்களைத் தனியே பிரித்து, திரையின் மூலையிலிருந்த குப்பைத்தொட்டிக்குள் இழுத்துப் போட்டேன். அது கை பழகிய வேலை.

தம்பி என் தோளைத் தட்டினான். குப்பைத்தொட்டியைக் காட்டி, அதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு என்று ஜாடையில் கேட்டான்.

அவன் ஜாடை புரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் லேப்டாப்பை மூடினேன். அதற்குப் பிறகு டெஸ்ட் என்ற பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அழகர்கோவிலில் கல்யாணம் நடந்தது. தம்பிதான் ஓடியாடி எல்லா வேலையும் பார்த்தான். இப்போது மருமகள் மாசமாக இருக்கிறாள். பிறக்கிற பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டிவிட்டுத் திரும்பினால், வேலைக்குக் கிளம்பிய தம்பி வாசலில் நின்று, வாரேன் என்று கையாட்டுகிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் கையை ஆட்டுகிறேன்.