முருகன், மனைவி செல்வி, கணவர் முருகன்

மென்பொருள் எழுதும் தொழிலில் தனி ஆளைச் சமாளித்துவிடலாம்; ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் இருவர் வந்தால்தான் வம்பு. அது இருந்தால்தான் இது, இது இருந்தால்தான் அது என்று ஏதாவது அலுவலகத்தில் நீங்கள் அலைந்ததுண்டா? அப்படியானால் நீங்களும் நம் கூட்டம்தான். என்ன, இந்தக் கதையில் ஒரு கம்ப்யூட்டரை அப்படிப் பேசவைத்த பாவி நான்.

நிற்காத அச்சு

திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. அதன் ஊழியர்களுக்கு மருத்துவ அட்டை வழங்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே முருகனுக்கு மூட்டை பிரிக்கும் வேலை, அவர் மனைவி செல்விக்குச் சேலைப் பகுதி. இருவரும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். முருகனைச் சார்ந்தவர் செல்வி என்றும், செல்வியைச் சார்ந்தவர் முருகன் என்றும் ஊழியர் பட்டியலில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. எந்தப் பெயர் வந்தாலும் அதன் கீழே அவரைச் சார்ந்தவர்களை அச்சடி என்று சொல்லி வைத்திருந்தேன். முருகன், மனைவி செல்வி, கணவர் முருகன், மனைவி செல்வி என்று தாள் தீரும்வரை பிரிண்டர் அடித்துத் தள்ளியிருக்கிறது.

கடை முதலாளி அண்ணாச்சி போன் செய்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஏம்மா, நாங்க ஒரு தடவதான் கல்யாணம் பண்ணி வச்சோம். ஒங்க மிஷினு விடாம தாலி கட்ட வச்சிக்கிட்டே இருக்கே."

வெட்டிய இடம்

சுற்றிச் சுற்றி வருகிறதா, ஓரிடத்தில் வெட்டு என்பது எங்கள் ஆட்களுக்கு உள்ள திமிர். செல்வியை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, முருகனைச் சார்ந்தவர் என்று மட்டும் வைத்தேன். அச்சு ஒரே தாளில் நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறு வாரம் செல்வியே பேசினார். அவருக்கு ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரியில் அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இந்தத் திட்டத்தில் பிரசவச் செலவு ஊழியருக்குத்தான் உண்டு, ஊழியரைச் சார்ந்தவருக்கு இல்லை. நான்தான் அவரை ஊழியர் இல்லாமல் ஆக்கிவிட்டேனே. வெள்ளிக்கிழமைக்குள் புது அட்டை வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "பன்னெண்டு வருசமா நின்னுக்கிட்டே சேலை விரிச்சுப் போடுதேன் அக்கா. அவருக்குப் பொண்டாட்டிதான், இல்லன்னு சொல்லல. ஆனா கடையில எனக்குன்னு ஒரு வேலை இருக்குல்லா?"

யார் முதலில்?

அச்சைத் திருத்துவது எளிதாக இருந்தது: ஒரு தாளில் ஒரு பெயர் ஒரு முறைதான். பிறகு இருவரையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யப் போனேன். முருகனை ஏற்க, செல்வியின் எண் வேண்டும் என்றது. சரி, செல்வியைப் போட்டேன். முருகனின் எண் எங்கே என்றது. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டதும் நானேதான். முதலில் எல்லாப் பெயர்களையும் மொத்தமாக ஏற்றியதால் அது வெளியே தெரியவில்லை. பக்கத்து மேஜை அனூப் எட்டிப் பார்த்து, "சேச்சி, ரெண்டு பேரும் வாசல்ல நின்னு 'நீங்க ஆதியம் கேறுங்க'ன்னு சொல்லுது. ஆரும் கேறுன்னில்ல" என்றான் தன் மலையாளத் தமிழில். நீங்கள் முதலில் ஏறுங்கள் என்று இருவரும் நின்றால் யார்தான் ஏறுவது? சிரிப்பு வரவில்லை. அன்று வியாழன்.

மதியம் முருகனே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பொங்கலுக்கு முதல் நாள் தம்பானூர் பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ் ஏறியிருக்கிறீர்களா என்றார். அந்தக் கூட்டத்தில் அவர் ஜன்னல் வழியாக இரண்டு இருக்கைக்குத் துண்டு போடுவாராம். பிறகு இருவரும் நிதானமாக வாசல் வழியே ஏறுவார்களாம். "துண்டு கெடந்தா ஆளு இருக்க மாதிரிதான் மேடம், ஒருத்தரும் உக்கார மாட்டாவ. மொதல்ல ரெண்டு துண்டப் போடுங்க. ஆளு பொறவு ஏறட்டும்."

மூன்றாவது துண்டு

அப்படியே செய்தேன். முதலில் இரண்டு எண்கள், உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்து அவற்றில் பெயர்கள். கடைசியாக, அவருக்கு இவர், இவருக்கு அவர். கணினி வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அனூப் தன் ஸ்கூட்டரிலேயே செல்வியின் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அடுத்த புதன்கிழமை பெண் குழந்தை பிறந்தது. அட்டை செல்லுபடியானது என்று அண்ணாச்சி சொன்னபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த பயம் உடனே பிடித்துக்கொண்டது: அந்தக் குழந்தை இருவரையும் சார்ந்தது, இருவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் சார்ந்தவர்கள். குழந்தையையும் சேர்த்து, கடையில் அச்சடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது செல்வி. "மூணு பேரும் ஒரே தாள்லதான் நிக்கோம் அக்கா, அவுக காட்டுனாவ. பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. அந்த எடத்துல ஒரு துண்டு போட்டு வைங்க."

சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டத்தைவிட இன்றுவரை எனக்கு அதிகம் கைகொடுப்பது, தம்பானூரில் ஜன்னல் வழியாக விழும் அந்தத் துண்டுதான்.