எப்படி முடிந்தது என்று கேட்டவர்

காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. திரையில் லத்தீப் காக்காவின் இலக்கம். பத்து மணிக்கு அவர் தொலைபேசி எடுப்பது வழக்கம் என்பதால், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் கூப்பிடுகிறபடி "காக்கா, சொல்லுங்க" என்றேன். மறுபக்கத்தில் ஓர் இளைஞனின் குரல் கேட்டது. "அங்கிள், நான் ரிஸ்மி. வாப்பா சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிட்டார். அஸருக்கு அடக்கம்."

நான் அப்போது கொழும்பில், வேலை செய்யும் மூக்குக்கண்ணாடி நிறுவனத்தின் முகப்பில் நின்றுகொண்டிருந்தேன். அஸர் தொழுகை பின்னேரம் மூன்றரைக்கு; உடனே கிளம்பினாலும் கல்முனைக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம் வேண்டும். முன்னர்போல ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. அப்படியும் நான் போய்ச் சேர்ந்தபோது இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் அவரிடம் கண்ணாடி போட்டவர்களுக்கு நான் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. "கண்ணாடி லத்தீப்" என்றால் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் கொழும்பில் அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அது மாதத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் மட்டுமே நீடிக்கும் வாழ்க்கை. அதைக் கூட இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைக் கெடுத்தவனும் நான்தான்.

மாதம் ஒருமுறை அவர் எங்கள் நிறுவனத்துக்கு வருவார். கல்முனையில் எடுத்த கண் அளவுகளைக் கொடுத்து, வெட்டிய லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்கி வாங்கிக்கொள்வார். வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும். கல்முனை பஸ் கோட்டையிலிருந்து ஒன்பதுக்குக் கால் மணி இருக்கப் புறப்படும். நான் காரைதீவுக்காரன். ஊர்க்காரர் ஒருவரைத் தெருவில் அலைய விட மனமில்லை. எங்கள் முதலாளி சிம்பனி இசைக்குழுவின் நிகழ்ச்சித் தாளில் ஒரு கண்ணாடி விளம்பரம் போடுவார். அதற்காக ஒவ்வொரு கச்சேரிக்கும் இரண்டு இலவசச் சீட்டு வரும். நிறுவனத்தில் ஒருவருக்கும் அது வேண்டாம். அப்படித்தான் மேற்கத்திய இசையின் தலையும் தெரியாத, வாலும் தெரியாத இரண்டு அம்பாறைக் கரைக்காரர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

முதல் நாள் அவர் பக்கத்துப் பள்ளிவாசலில் மஹ்ரிப் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தார். அறுபது பேர் மேடையில் ஏறினார்கள்; முன்னால் ஒருவர் குச்சியை ஆட்டி நடத்தினார். வயலின்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரு தாள் வைத்து வாசித்தார்கள். நான் கண்ணை மூடி ரசிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையில் தட்டினார்.

"தம்பி, அந்த மூண்டாவது மனிசியப் பாருங்க. தாளுக்குக் குனியிறா, குச்சிக்காரனப் பாக்க நிமிருறா. கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் ஒத்துவரல்ல. அவட கண்ணாடி பிழை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணின் கண்ணாடிதான் அவருக்குப் பிரதானம். ஆறேழு மாதம் கழித்து அந்தப் பெண் புதுக் கண்ணாடியோடு வந்து அமர்ந்தபோது, தானே செய்து கொடுத்ததுபோல லத்தீப் காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இண்டைக்கு நல்லா வாசிப்பா," என்றார். உண்மையிலேயே நன்றாக வாசித்தாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

எட்டு இருபதுக்கு லத்தீப் காக்கா எழும்பிவிடுவார். லென்ஸ் பெட்டியை மடியில் வைத்தபடியே இருப்பார் என்பதால் எழும்புவது சுலபம். இடைவேளைக்குப் பிறகு பெரிய படைப்பு ஒன்றைத் தொடங்குவார்கள். அதில் நான்கு பகுதிகள் இருக்கும். ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைப் பகுதி கேட்பார். வருடக்கணக்காகக் கச்சேரிக்கு வந்தவர் ஒரு கச்சேரியின் முடிவையும் கேட்டதில்லை. "நான் பாதிக் கச்சேரிக்காரன்," என்று தன்னைத் தானே கேலி செய்வார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்ததும் எனக்குத் தொலைபேசி வரும்.

"தம்பி, எப்பிடி முடிஞ்சது?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தங்கியிருந்த வீட்டில் ஒன்பது மணிக்குப் படலையைப் பூட்டிவிடுவார்கள். தமிழனாக அந்த நாட்களில் கொழும்புத் தெருவில் பிந்தி நடப்பதும் புத்தியில்லை. அவர் போய்ப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் நானும் கிளம்பிவிடுவேன். ஆனாலும் கேட்கிற மனிதருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. "முதல்ல மெதுவாப் போச்சுது காக்கா. பிறகு வயலின் எல்லாம் ஓட்டம் பிடிச்சுது. பெரிய மேளத்த மூண்டு தரம் அடிச்சான். எல்லாரும் ஒண்டா நிப்பாட்டிட்டாங்க," என்று அவிழ்த்துவிடுவேன். "அப்பிடியா," என்று அவர் மெல்லச் சொல்வார். எழுதிக்கொள்கிறாரோ என்று நினைக்குமளவுக்கு நிதானமாகக் கேட்பார். ஒருமுறை மட்டும், "போன மாசமும் மூண்டு தரம்தானே அடிச்சான்? எல்லாக் கச்சேரிக்கும் மூண்டு தரமா?" என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து நான்காக்கினேன்.

பிறகு கடல் வந்தது.

நான் மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். காரைதீவில் எங்கள் வீட்டார் உயிரோடிருந்தார்கள். அடுத்த நாள் கல்முனைக்கு நடந்தேன். அவருடைய வீடு கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒன்பது வயது மகள் மின்ஹா அங்கேயே போய்விட்டாள். மனைவியும் மகனும் தப்பினார்கள். பெரிய தெருவில் இருந்ததால் கடைக்குச் சேதமில்லை.

அவரைத் தேடி, இடம்பெயர்ந்தவர்கள் இருந்த பாடசாலைக்குப் போனேன். ஒரு வகுப்பறை வாசலில் மேசை போட்டு, கடையிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் கொட்டி வைத்திருந்தார். அலையில் கண்ணாடியைப் பறிகொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஓரளவு பொருந்தியதை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு அடுத்தவருக்கு ஒரு கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆக்களத் தேடுறத்துக்குக் கண் தெரிய வேணாமா தம்பி," என்றார்.

மகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. ஊரில் ஒருவர், பாட்டுக் கூத்தென்று திரிந்தவர்களால் வந்த வினை என்று அவர் காதுபடச் சொன்னாராம். "கடலுக்கு என்ன தெரியும், ஆரு என்ன கேட்டவன் எண்டு," என்று மட்டும் பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி கொழும்பு வந்தார். வந்ததும் அவராகவே கேட்டார். "கச்சேரி இரிக்கா தம்பி?"

இருந்தது. சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி சேர்ப்பதற்கான கச்சேரி அது. சொல்லத் தயங்கினேன். பரவாயில்லை, போவோம் என்றார். மண்டபத்தில் அமர்ந்ததும் லென்ஸ் பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். "இண்டைக்கு பஸ்ஸுக்குப் போகல்ல. முடியுமட்டும் இரிக்கப் போறன்," என்றார். வீடற்ற மனிதர், அவசரப்பட்டுப் போக இடமில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். என் விளக்கம் அவ்வளவுதான்.

இடைவேளையில் ஏற்பாட்டாளர்களில் ஒரு அம்மா வந்து, விளம்பரத்துக்கு நன்றி சொன்னார். முத்துமாலை போட்ட, ஆங்கிலம் பேசும் அம்மா. என்னைப் போன்ற ஒருவனிடம் நின்று அவர் பேசியதே எனக்குப் பெரிய விஷயம். அந்த மண்டபத்தில் அத்தனை வருடம் நான் பெயரில்லாதவன். அந்த நேரத்தில் என் கையில் ஒரு பெறுமதியான செய்தி இருந்தது. வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்னோடு வந்தவர் கல்முனையிலிருந்து வந்திருக்கிறார், மகளைக் கடலுக்குக் கொடுத்தவர் என்று சொன்னேன். நல்லெண்ணத்தில் சொன்னேன் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிக்கு மேல் பெருமை.

இடைவேளைக்குப் பிறகு இசை தொடங்கவில்லை. அந்த அம்மா மேடையேறினார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசினார். கல்முனை என்ற சொல் வந்ததும் லத்தீப் காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. விளக்கு எங்கள் வரிசைக்கு வந்தது. அவரை மேடைக்கு அழைத்தார்கள்; ஆட்கள் எழும்பி வழிவிட்டார்கள். அவர் போனார். பூச்செண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. பிள்ளையைப் பறிகொடுத்ததற்காக ஒரு மனிதனுக்குக் கை தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

திரும்பி வந்தவர் பூச்செண்டைக் கதிரையில் வைத்தார். காலடியில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் ஓடினேன். உள்ளே பெரிய படைப்பு தொடங்கிவிட்டது. வாசலில் முச்சக்கர வண்டிக்குக் கை காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"தம்பி, ஊருல எல்லாரும் என்னைப் பாத்தாப் பிள்ளையத்தான் நினைக்கிறாங்க. இங்கதான் ஒருத்தருக்கும் தெரியாத ஆளா இருந்தன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. அன்றும் ஒன்பதுக்குக் கால் மணி பஸ்ஸிலேயே அவர் போனார்.

அதன் பிறகும் மாதாமாதம் வந்தார். என்னோடு சிரித்துப் பேசினார். காரைதீவில் இருந்த என் மகளின் கண்ணை அவரே பார்த்து அளவெடுத்தார். ஆனால் மத்தியானத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு பகல் பஸ்ஸில் ஏறிவிடுவார். கச்சேரி என்ற சொல் எங்களுக்கிடையே வரவில்லை. காலை பத்து மணி அழைப்பு வரும். லென்ஸ் பற்றி மட்டும் கேட்பார்.

யுத்தம் முடிந்த வாரத்திலும் வந்தார். வெளியே வெடி கொளுத்தினார்கள். சந்திக்குச் சந்தி பாற்சோறு கொடுத்தார்கள். நான் முகப்பில் தலையைக் குனிந்து லென்ஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வன்னியில் இருந்த என் சிநேகிதர் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. லத்தீப் காக்கா பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் முடிஞ்சுது, முடிஞ்சுது எண்டு சொல்றாங்க. எப்பிடி முடிஞ்சது எண்டு ஒருத்தனும் சொல்றானில்ல."

அந்தக் கேள்வி நாலு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்தது. அன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். முகப்பில் ஆட்கள் நின்றார்கள். அடுத்த மாதம் கேட்கலாம் என்று விட்டேன். அடுத்த மாதங்கள் பன்னிரண்டு வந்தன. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாட்டு இருந்தது.

மௌத்து வீட்டில் ரிஸ்மி என்னை முன் அறையில் இருத்தினான். இருபது வயது இருக்கும். வாப்பாவின் உயரம். அவனுடைய உம்மா, கணவனை இழந்தவர்கள் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவன் எழுந்து நின்று, வாப்பா யாருக்காவது மனம் நோகும்படி நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்திடம் கேட்டானாம். பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவரை நோகச் செய்த நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன்.

உள்ளே போய் வந்த ரிஸ்மி எனக்கு முன்னால் அமர்ந்தான்.

"அங்கிள், உம்மா ஒண்டு கேக்கச் சொன்னா. அந்தக் கடைசிக் கச்சேரி எப்பிடி முடிஞ்சது?"

எனக்கு விளங்கவில்லை. அவன் விளங்கப்படுத்தினான்.

"வாப்பா விடிய வந்ததும் மின்ஹாக்குக் கச்சேரியக் கதையாச் சொல்லோணும். அவள் முடிவு இல்லாம விடமாட்டாள். பத்து மணிக்குத் தம்பிட்டக் கேட்டுட்டு வாறன் எண்டு கடைக்குப் போவார். பகல் சோத்துக்கு வந்து சொல்லுவார். எல்லாத்துலயும் மூண்டு தரமா மேளம் அடிக்கிற எண்டு கேட்டவளும் அவள்தான். அவள் போன பிறகு வாப்பா ஒருக்காப் போனார். ஒரு முடிவையாவது நானே இருந்து கேட்டு அவளுக்குச் சொல்லோணும் எண்டு உம்மாட்டச் சொல்லிட்டுத்தான் போனார். வந்து ஒண்டும் சொல்லல்ல. உம்மா கேட்டதுக்கு, தம்பிட்டக் கேக்கோணும் எண்டு மட்டும் சொன்னார்."

நான் செய்ததை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நாலைந்து வருடம் என்னைக் காட்டிக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

முகம் தெரியாத ஒரு சிறுமிக்கு மாதாமாதம் பொய் முடிவு அனுப்பியவன் நான். இன்னொன்றும் அனுப்பியிருக்கலாம். மெதுவாகத் தொடங்கியது, வயலின்கள் ஓடின, மேளம் நான்கு தரம் அடித்தது என்று சொன்னால் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த அந்தத் தாய் நிம்மதியாக உறங்கியிருப்பார். வாய்வரை வந்தது.

"தெரியாது மகன். நானும் கேக்கல்ல," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முத்துமாலை அம்மாவை, பூச்செண்டை, கை தட்டலை, அவர் வாசலில் சொன்னதை. முன்பு சொன்ன முடிவுகள் பொய் என்பதையும் சொன்னேன். ரிஸ்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரைச்சீலை அசையவில்லை. உள்ளிருந்து உம்மா அவனைக் கூப்பிட்டார். போய் வந்தான்.

"நீங்க அடுத்த முறை போனா, முடியுமட்டும் இருந்து கேட்டுட்டு உம்மாக்குச் சொல்லட்டாம்," என்றான். "சாப்பிட்டுட்டுப் போங்க அங்கிள்."

லத்தீப் காக்காவின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் பாதியில் விட்டுப்போன அந்தப் படைப்பை இசைக்குழு வருகிற மாதம் மறுபடி வாசிக்கிறது. கடைசி வரிசையில் இருப்பேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்முனைக்குத் தொலைபேசி எடுப்பேன். மேளம் எத்தனை தரம் அடிக்கிறதோ, அத்தனை தரம் என்றே சொல்வேன்.