எதிர்ச்சரிவிலிருந்து ஒரு கூவல்

சாலம்மாளுக்குத் தொண்டை பெரிது. அவள் ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வெள்ளிமலையைத் தாண்டி ஜீப் போகிற மட்டும் போய், அப்புறம் நடந்து சேர வேண்டிய ஊர் அது. ஒரு சரிவில் வீடுகள், எதிர்ச்சரிவில் கொல்லைகள், நடுவில் ஓடை. அங்கே ஆளைக் கூப்பிடப் போனை நம்புகிறவன் பட்டினிதான் கிடக்க வேண்டும். இந்தப் பக்கம் நின்று நீளமாக ஒரு 'கூ' கொடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'கூ' திரும்பி வரும். வீட்டுக்கு வீடு அதில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. சாலம்மாள் வீட்டுக் கூவல் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும்.

கூவினால் பதில் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஊரில் யாருக்கும் சலுகை கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காத அண்ணன் தம்பிகூடக் கூவினால் பதில் கூவிவிட்டுத்தான் கோபத்தைத் தொடர்வார்கள். இரண்டு தரம் கூவியும் பதில் இல்லையென்றால் பாம்போ பள்ளமோ என்று அர்த்தம். காதில் விழுந்தவர்கள் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவள் புருஷன் வீரமணி பலா மரத்திலிருந்து விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, பதில் வராத கூவல்தான் அவனைக் காப்பாற்றியது. அதனாலேயே மகள் மணிமொழிக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே பதில் கூவலைப் பழக்கிவிட்டாள் சாலம்மாள். ஒருமுறை விளையாட்டு மும்முரத்தில் பதில் கொடுக்காமல் இருந்த பிள்ளையை அவள் அடித்த அடி ஊருக்கே தெரியும்.

அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குக் கள்ளக்குறிச்சியில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே தெரசா என்று ஒரு விளையாட்டு டீச்சர். கூப்பிட்ட கணத்தில் திரும்புகிற பிள்ளையைக் கண்டதும் கையில் கூடைப்பந்தைக் கொடுத்துவிட்டார். மூன்று வருஷத்தில் மணிமொழி அணியில் முதல் ஐந்து பேரில் ஒருத்தியானாள். சாலம்மாளுக்கு விளையாட்டெல்லாம் புரியாது. மகளை வாரக்கணக்கில் பார்க்காமல் இருப்பதற்கு ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் மாவட்டப் போட்டி வந்தது. மகள் ஆடுவதை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறோம் என்று சாலம்மாள் இருட்டோடு கிளம்பினாள். ஜீப்பில் கச்சிராயபாளையம், அங்கிருந்து பஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிகிற நேரம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீல உடுப்பில் ஐந்து பிள்ளைகள் ஓடுகின்றன. எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே மாதிரி இழுத்துக் கட்டிய முடி. எது தன் பிள்ளை என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. தெரியாத இடத்தில் என்ன செய்வது வழக்கமோ அதைச் செய்தாள். வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கூவு கூவினாள்.

பந்து அப்போது மணிமொழி கையில் இருந்தது. அவள் நின்றாள். பந்தைக் குடம் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் திரும்பி, கடைசியை நன்றாக ஏற்றிப் பதில் கூவினாள். எதிரணிப் பெண் ஒருத்தி வந்து அந்த இடுப்பிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். ஒரு புள்ளியில் ஆட்டம் போயிற்று. மைதானமே சிரித்தது. சாலம்மாளும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள், பாவம். பதில் கிடைத்துவிட்டதே, அவளுக்கு வேறென்ன வேண்டும்?

இன்னும் நாலைந்து ஆட்டங்கள் ஆன பிறகு தெரசா டீச்சர் பெற்றோர்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துப் பேசினார். பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும், போனைக் கையில் கொடுக்கக் கூடாது, தோற்ற அன்று எதுவும் கேட்கக் கூடாது, ஆட்டத்தின்போது வெளியே இருந்து கத்தக் கூடாது. கடைசி விதி யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அதே அணியில் ஆடுகிற ஏஞ்சலினின் அப்பா மார்ட்டின், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், மகள் பந்தைத் தொட்டாலே "போடு, போடு" என்று தொண்டை கிழியக் கத்துவார். டீச்சர் அவருக்கென்றே ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கி வைத்திருந்தார். "அடுத்த ஆட்டம் முடியற வரைக்கும் வாய் இதுலயே இருக்கட்டும் சார்" என்றார். மார்ட்டின் முகம் சுருங்கியது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் சாலம்மாளைத் தனியே நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சாலம்மா. உங்க பொண்ணு மாதிரி காது இங்க எவளுக்கும் கெடையாது. பந்து குடுக்கறவ வாயைத் தொறக்கறதுக்குள்ள இவ கை அங்க நிக்குது. ஆனா அந்தக் காது இப்ப உங்க சத்தத்தையே தேடிக்கினு இருக்குது."

"அப்ப இனிமே நான் வரலைங்க டீச்சரம்மா."

"அது மட்டும் பத்தாதுங்க. எதிர் ஸ்கூல் பொண்ணுங்க எல்லாம் அதைப் புடிச்சிக்கினாங்க. தடுக்க ஆளில்லாம தனியா நின்னு பந்து போடற நேரம் ஒண்ணு உண்டு. அப்ப பாத்து 'கூ'ங்கறாங்க. இவ தலை தானாத் திரும்பிடுது. நான் சொல்லிப் பாத்துட்டேன், நிக்கல. நீங்க பழக்குனது, நீங்கதான் மாத்தணும்."

"இன்னா பண்ணணும்ங்க?"

"லீவுல வூட்டுக்கு வருவா இல்ல? தெனமும் நீங்க கூவுங்க. அவ பதில் குடுக்கக் கூடாது."

சாலம்மாள் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பதில் கொடுக்காதே என்று சொல்லிக் கொடுப்பதற்கா பிள்ளையைப் பெற்றாள்? ஆனால் பந்து பறிபோன கணத்தில் மகளின் முகம் போன போக்கை அவள் வலை வழியாகப் பார்த்திருந்தாள். அதையும் மறக்க முடியவில்லை.

கோடை லீவு வந்தது. வீரமணி ஒரு பழைய சைக்கிள் ரிம்மைப் பலா மரத்தில் கட்டிக் கொடுத்தான், தான் விழுந்த அதே மரத்தில். டீச்சர் கொடுத்தனுப்பிய பந்து தோல் உரிந்துபோனது, ஆனாலும் எழும்பியது. காலையில் மணிமொழி மரத்தடியில் நின்று பந்து போட, சாலம்மாள் எதிர்ச்சரிவில் விறகு பொறுக்கிக்கொண்டே கூவினாள். ஊருக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள், யாரும் ஓடி வரக் கூடாது என்று.

முதல் நாள் அம்மா கூவி முடிப்பதற்குள் மகளின் பதில் வந்துவிட்டது. இரண்டு சரிவிலும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் சில நாள் சத்தம் வரவில்லை, ஆனால் உதடு குவிந்தது என்று வீரமணி வந்து சொன்னான். பிறகு உதடும் நின்றது, தோள் மட்டும் ஒரு தூக்குத் தூக்கியது. சாலம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. பதில் வராத ஒவ்வொரு தடவையும் சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கு எதிரே பிள்ளை நிற்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தும் கால் ஓடத் துடித்தது. அதைப் பார்த்துவிட்டு வீரமணி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஒன்றுமில்லை' என்று துண்டை ஆட்டிக் காட்ட ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் மணிமொழியின் கண் அந்தத் துண்டுக்குப் போயிற்று. துண்டையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

லீவு முடிகிற சமயம் ஒரு காலையில் சாலம்மாள் கூவினாள். மணிமொழியின் உதடு அசையவில்லை, தோள் அசையவில்லை. பந்து ரிம்முக்குள் விழுந்தது. மறுபடி கூவினாள். மறுபடி விழுந்தது.

"வந்துடுச்சிமா!" என்று கத்திக்கொண்டே மகள் ஓடையைத் தாண்டி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வேர்வை நாற்றமும் தோல் பந்தின் நாற்றமுமாக இருந்த அந்தத் தலையைச் சாலம்மாள் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

பத்தாம் வகுப்பில் மறுபடியும் போட்டி. இந்தத் தடவை, நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிச் சென்னை விளையாட்டு விடுதிக்கு எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சாலம்மாள் கூட்டத்தின் பின்வரிசையில் மார்ட்டினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் வாயிலும் கடலை. கடைசி நிமிஷத்தில் மணிமொழி பந்தோடு தனியாகக் கூடைக்கு எதிரே நின்றபோது எதிரணிப் பிள்ளைகள் கூவ ஆரம்பித்தார்கள். ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்கி, இறக்க வேண்டிய இடத்தில் இழுத்து, கேட்கவே அசிங்கமான கூவல். இருந்தும் சாலம்மாளின் தொண்டை பதிலுக்கு எழும்பிவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மணிமொழி பந்தை இரண்டு தட்டுத் தட்டினாள். போட்டாள். இன்னொன்றும் போட்டாள். கழுத்துகூடத் திரும்பவில்லை. மார்ட்டின் கடலையைத் துப்பிவிட்டு எழுந்து குதித்தார். "உங்க பொண்ணுங்க! உங்க பொண்ணு!" என்றார். சாலம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. சந்தோஷம் மட்டும்தானா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மணிமொழி சென்னைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேச விடுவார்கள். சிக்னலுக்காகச் சாலம்மாள் மேட்டுக்கு ஏறி, பாறை மேல் உட்கார்ந்து காத்திருப்பாள். "சாப்பிட்டியாடி?" "ம்." "கால் வலி கம்மியாச்சா?" "ம்மா, கூப்புடறாங்க, வெச்சிடறேன்." அவ்வளவுதான் பேச்சு. ஊரில் சாயங்காலமானால் ரங்கம்மாள் தன் பேரனைக் கூவுவாள், அவன் ஓடைக்கரையிலிருந்து பதில் கூவுவான். அந்த நேரத்தில் சாலம்மாளுக்கு வேலை ஓடாது. மகள் பெரிய ஆட்டக்காரி ஆக வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இருந்தது. ஆனால் அவள் உண்மையில் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒரே ஒரு தடவை தான் கூவி, அந்தப் பிள்ளை பதில் கூவ வேண்டும். இதை வீரமணியிடம்கூட அவள் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பான்.

பொங்கல் லீவுக்கு மணிமொழி வந்தாள். வளர்ந்திருந்தாள், வாசல் நிலை தலையில் இடித்தது. அம்மா களி கிளறியதும் பழையபடி சட்டியைச் சுரண்டித் தின்றாள். படுக்கையில் ஒட்டிக்கொண்டு படுத்தாள். எல்லாம் பழையபடிதான். மறுநாள் காலையில், விறகு நிறைய இருந்தும், சாலம்மாள் விறகுக்கென்று எதிர்ச்சரிவுக்குப் போனாள். மகள் பலா மரத்தடியில் பந்தோடு நின்றாள். சாலம்மாள் சுள்ளியைக் கீழே வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு வருஷத்து ஆசையையும் சேர்த்துக் கூவினாள்.

பந்து ரிம்முக்குள் விழுந்தது. பதில் இல்லை.

காற்று எதிராக அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டடி முன்னால் வந்து மறுபடி கூவினாள். இந்தத் தடவை ஊரே கேட்டது. யாரிடமும் இப்போது சொல்லி வைக்கவில்லையே, இரண்டாவது கூவலுக்கும் பதில் இல்லை என்றதும் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் தண்ணீர்க் குடத்தை நடுவழியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ரங்கம்மாள் கையில் தடியோடு வந்தாள். வீரமணி நொண்டிக்கொண்டே வந்தான். சாலம்மாளும் ஓடையில் இறங்கி ஓடி வந்து சேர்ந்தாள். நடுவில் மணிமொழி பந்தோடு நின்றாள்.

"இன்னாடி பாப்பா, இன்னா ஆச்சு? கேக்கலையா உனக்கு?" என்று மூச்சு வாங்கினாள் காசியம்மாள்.

"கேட்டுச்சே" என்றாள் மணிமொழி. எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "நீ டெஸ்ட் பண்றேன்னு தெரிஞ்சிடுச்சிமா. ரெண்டு தபா கூவுன இல்ல? ரெண்டும் உள்ள போச்சி. தோள்கூட அசையல, பாத்தியா?"

காசியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாலம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பாத்தண்டி" என்றாள். "நல்லா நின்ன. கொஞ்சங்கூட அசையல."

பிள்ளை அந்தப் பாராட்டுக்காகத்தான் காத்திருந்தாள். சந்தோஷமாகத் திரும்பி நின்று, பந்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இன்னொருக்கா கூவுமா" என்றாள்.