கரடிக்குட்டியிடம் பேசிய மச்சான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாய் ஓயாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் இறங்குவதற்குள் அவன் மாமியார் வீட்டுச் சண்டை வரை விசாரித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு அமைந்ததோ வாயையே திறக்கக்கூடாத வேலை.

தாயை இழந்த காட்டுக்குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடும் நிலையம் அது. மச்சான் அங்கே குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர், நான் வண்டி ஓட்டுகிறவன். பால் கொடுக்கப் போகும்போது தலை முதல் கால் வரை சாக்கு அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். மனித வாடை போக அதில் சாணம் தேய்த்திருக்கும். ஒரு சொல் பேசக்கூடாது. மனிதக் குரலுக்குப் பழகிய கரடி, குரல் கேட்கிற பக்கம் வரும். காட்டில் விட்ட பிறகு அப்படி வந்தால் ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

எட்டு மாதம் ஒரு கரடிக்குட்டியை அப்படித்தான் வளர்த்தார். பேசாத பேச்சையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து கொட்டுவார். "அங்க ஊமை, இங்க ரேடியோ. என் காதுதான் புண்ணாகுது" என்பாள் அக்கா.

காட்டில் விடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. மிருக டாக்டர் முன்பின் தெரியாத நாலு பேரைக் கூட்டிவந்து வேலியோரம் பேசவிட்டார். ஆளுக்கொரு சத்தம். குட்டி விழுந்தடித்து மரத்து உச்சிக்கு ஏறியது. டாக்டருக்குச் சந்தோஷம். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். மச்சான் மட்டும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். என்னை ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, அதுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப பால் இறங்கல. பேசிட்டேன்டா."

"எவ்வளவு பேசினீங்க?"

"மூணு நாளும்."

"நாலு பேர் பேசியும் வரலையே. கம்முனு இருங்க. சொன்னா அதுக்கு ஆயுசுக்கும் கூண்டு."

"அவங்க கத்தினாங்க. காட்டுல தேன் எடுக்கப் போறவன் மெதுவாத்தான்டா பேசுவான். இது அவன்கிட்டப் போயி நிக்கும்."

சொல்லிவிட்டு வேலியருகே போனார். அங்கி இல்லை, ஒன்றுமில்லை. "ராசா, ரெண்டு வாய் குடிச்சிருடா" என்றார் மெதுவாக. குட்டி மரத்திலிருந்து சரசரவென்று இறங்கி வந்து கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியது.

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மச்சானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அதை மிருகக்காட்சி சாலைக்கு நான்தான் ஏற்றிப்போனேன். மச்சான் பின்னால் கூண்டோடு உட்கார்ந்து ஆறு மணி நேரமும் அதனிடம் பேசிக்கொண்டே வந்தார். இனிப் பேசினால் என்ன?

மறு மாதம் இன்னொரு குட்டி வந்தது. தனியாகப் போகமாட்டேன், கூட ஓர் ஆள் வேண்டும் என்றார். ஆள் இல்லை. வண்டிச் சாவியை வைத்துவிட்டு நானும் அங்கி மாட்டினேன். அவர் புட்டியைப் பிடிப்பார், நான் அவர் வாய்க்குக் காவல்.

நேற்று அது குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டது. அங்கிக்குள் மச்சானுடைய தோள் குலுங்கியது. சத்தம் வருவதற்குள் அவரை வெளியே தள்ளிவிட்டு, புட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.